தட்டவா?

சௌகிட் சந்தையில்
கெளுத்தி விற்கிற ரொஸ்லான் கேட்டான்: தட்டவா?
வியாபாரத்துக்கு வேண்டிய அளவு தமிழ் அவனுக்குத் தெரியும்.
கையில் ஒரு கட்டை, பாதி தேய்ந்தது.
வேண்டாம், அப்படியே கொடு என்றேன்.
இரண்டு மீன், பதினெட்டு வெள்ளி.
ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி
பையின் வாயை முறுக்கிக் கட்டினான்.
கெட்டி உயிர், சீக்கிரம் போகாது என்றான்
பாராட்டுப்போல.

அடி விழுவதைப் பார்க்க முடியாதவள் நான்.
அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு
மோனோரயில் ஏறினேன்.

சனிக்கிழமைக் கூட்டம். எப்படியோ இடம் கிடைத்தது.
எதிரே ஒருவர், வெள்ளைக் காலணி,
கைப்பேசியைத் தாம்பாளம்போல் ஏந்திப்
பந்தாட்டம் பார்க்கிறார்.
வர்ணனையாளர் பெட்டி முழுவதற்கும் கத்துகிறார்.
கதவோரம் ஒரு பையன்
முதுகுப்பையைக் கழற்றாமல் திரும்பித் திரும்பி
யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடியை இடிக்கிறான்.
கர்ப்பிணிகளுக்கான இருக்கையில் ஓர் இளைஞன்
தூங்குவதுபோல் நடிக்கிறான்; இமை துடிக்கிறது.
எல்லாரையும் மனசுக்குள் வரிசையில் நிறுத்தித்
திட்டிக்கொண்டே வந்தேன்.
சம்பளக் கணக்குப் பார்க்கிறவள் நான்,
பிடித்தம் போடுவது கைப்பழக்கம்.

பை துள்ளியது.

கால்களுக்கு நடுவே ஒரு முறை.
மெடான் துவாங்கு தாண்டி மறுபடி.
பக்கத்துப் பெண் தன் துடோங் நுனியை
இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
மூக்கைப் பொத்தவில்லை, மரியாதை தெரிந்தவள்;
மூச்சை மட்டும் அளந்து அளந்து விட்டாள்.

ஆட்டையும் கோழியையும் விட்டு ஆறு வருடம்.
கத்துவது காதிலேயே நிற்கிறது என்று
அலுவலகத்தில் காரணம் சொன்னேன்.
மீன் மட்டும் சாப்பிடுவேன், வெள்ளிக்கிழமை தவிர.
மீனுக்குக் குரல் இல்லை என்பது
எவ்வளவு பெரிய வசதி.
அந்தப் பெட்டியில் அப்போது
ஒருவரையும் தொந்தரவு செய்யாமல்
மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவை
இரண்டே இரண்டு.

இம்பி தாண்டிய வளைவில்
பை சாய்ந்து, முடிச்சு கசிந்தது.
கொழகொழவென்று ஒரு கோடு
கம்பியைச் சுற்றி,
குழந்தை வண்டியின் சக்கரத்தடியில் புகுந்து,
வழி கேட்டுப் போவதுபோல்
வெள்ளைக் காலணிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் குனிந்தார். பந்தாட்டம் நின்றது.
மன்னிப்புக் கேட்கச் சொல் தேடினேன்;
மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை.
உயிரோடவா? என்றார்.
தலையாட்டினேன்.
தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தார்,
நகத்தால் முடிச்சை நெகிழ்த்தினார்,
பாதிப் புட்டியை உள்ளே ஊற்றினார்.
தட்டி வாங்கியிருக்கலாமேம்மா,
இதென்ன பாவம்.
பிறகு ஒலியைத் திறந்துவிட்டார்,
முன்பிருந்த அதே அளவு.
ஆட்டம் கூடுதல் நேரத்தில் இருந்தது.

துன் சம்பந்தனில் இறங்கினேன்.
அந்தத் தரையை யார் துடைத்தார்களோ.

வீட்டில் தொட்டியில் கவிழ்த்தபோது
ஒன்று போயிருந்தது.
எந்த நிலையத்தில் என்று தெரியாது.
மற்றது மீசையை நீட்டி
எஃகுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தது,
கதவு எங்கே என்பதுபோல்.
சம்பல் இடிக்கும் குழவியை எடுத்தேன்.
முதல் அடி சரியாக விழவில்லை. வழுக்கித்
தொட்டியில் மோதி அடுக்ககமே அதிர்ந்தது.
இரண்டாவதும் அப்படியே.
மீன் ஒரு சத்தமும் போடவில்லை.

பக்கத்து வீட்டு லீ, இரவு வேலை முடிந்து
பகலில் தூங்குகிறவர், சுவரைத் தட்டினார்.
மூன்று தட்டு. பொறுமையான தட்டு.

எனக்கு வெட்கமாகிவிட்டது.
பழைய துண்டு ஒன்றைத் தேடி எடுத்துவந்து
குழவியில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்,
அவருக்குக் கேட்காதபடி.